டைட்டஸ் அடித்த கொலோசியக் காசு: கட்டடம் முந்தியதா, படம் முந்தியதா?

ரோமின் பழைய அரங்கமான கொலோசியத்தை இன்று நேரில் போய்ப் பார்க்கிறவர்கள் பார்ப்பது ஏறத்தாழ பாதிக் கட்டடத்தைத்தான். நான்கு அடுக்கு வெளிச்சுவர் முழு உயரத்துக்கு நிற்பது வடக்குப் பக்கம் மட்டும். தெற்குப் பக்கத்து வெளிவளையம் 1349 நிலநடுக்கத்தில் சரிந்துவிட்டது. சரிந்த கல்லை ரோம் நகரத்தார் மாளிகைகளுக்கும் தேவாலயங்களுக்கும் எடுத்துக்கொண்டார்கள். வளைவுகளில் சிலைகள் இல்லை, உச்சியில் கேடயங்கள் இல்லை, உள்ளே பளிங்கு இருக்கைகள் இல்லை. கட்டடம் புதிதாக இருந்த காலத்தில், அதே ஊரில் இருந்த ஒருவர் போட்ட படம் வேண்டும் என்றால் நாம் ஒரு பித்தளைக் காசிடம்தான் போக வேண்டும்.

கட்டடம் பொறித்த ரோமானியக் காசுகள் நூற்றுக்கணக்கில் உண்டு. கோயில், சந்தை, துறைமுகம், பாலம், வெற்றி வளைவு எல்லாமே காசில் ஏறியிருக்கின்றன. அவற்றில் இந்த ஒன்றை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. காசில் உள்ள கட்டடத்தின் பெரும்பகுதி இன்னும் நிற்கிறது. அதைப் பற்றிப் பழைய எழுத்துச் சான்று இருக்கிறது. அதே காலத்துக் கல் புடைப்புச் சிற்பம் ஒன்றும் இருக்கிறது. ஆக, காசு சொல்வதை மூன்று பக்கமிருந்தும் சோதித்துப் பார்க்கலாம். இப்படி வாய்ப்பது அபூர்வம்.

காசு

இது ரோமானியப் பேரரசர் டைட்டஸ் அடித்த செஸ்டர்ஷியஸ் என்னும் பெரிய பித்தளைக் காசு. குறுக்களவு 3.3 முதல் 3.5 செ.மீ. வரை, எடை 25 கிராமை ஒட்டி. நான்கு செஸ்டர்ஷியஸ் சேர்ந்தால் ஒரு வெள்ளி டெனாரியஸ். அன்றாடச் செலவில் புழங்கிய காசுகளில் இதுதான் பெரியது; படம் போட அதிக இடம் இருந்ததும் இதில்தான்.

ஒரு பக்கத்தில் எழுத்தே இல்லை. முழுக்க முழுக்கக் கொலோசியம். வெளிச்சுவர் நமக்கு நேராக நிற்கிறது, உட்பக்கமோ பறவை மேலிருந்து பார்ப்பதுபோல் திறந்து தெரிகிறது. கீழடுக்கில் வெற்று வளைவுகள். அதற்கு மேல் இரண்டு அடுக்குகளின் வளைவுகளுக்குள் சிறு சிறு சிலைகள். உச்சி அடுக்கில் சதுரங்களும் வட்டங்களும். உள்ளே வரிசை வரிசையாகப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு தலை. இடப்பக்கம் கூம்பு வடிவத்தில் ஒரு நீரூற்று: மெட்டா சூடன்ஸ், அதாவது ‘வியர்க்கும் கூம்பு’. தேரோட்டப் பந்தயத்தில் தேர்கள் திரும்பும் இடத்துக் கூம்புக் கம்பம்போல இருந்து, மேலிருந்து நீர் கசிந்து வழிந்ததால் அந்தப் பெயர். வலப்பக்கம் இரண்டு அடுக்குத் தூண் வரிசையுள்ள ஒரு கட்டடத்தின் ஓரம். அது டைட்டஸின் குளியல் மண்டபம் என்பது பலர் கருத்து. முன்பு ஆண்ட பேரரசர் நீரோவின் பொன்மாளிகையில் எஞ்சிய பகுதி என்பாரும் உண்டு.

மறுபக்கத்தில் டைட்டஸ் அரச நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். கையில் ஒரு கிளையும் ஒரு சுருளும். சுற்றிலும் எதிரிகளிடமிருந்து பறித்த கேடயங்களும் ஆயுதங்களும் குவிந்து கிடக்கின்றன. சுற்றெழுத்து சுருக்கமாகச் சொல்வது: பேரரசர் டைட்டஸ் சீசர் வெஸ்பாசியன் அகஸ்டஸ், தலைமைப் பூசகர், நாட்டின் தந்தை, எட்டாம் முறை கான்சல் (ஆண்டுதோறும் நியமிக்கப்பட்ட உயர் பதவி).

அந்த ‘எட்டாம் முறை’தான் காலத்தைப் பிடித்துத் தருகிறது. டைட்டஸ் எட்டாம் முறை கான்சல் ஆனது கி.பி. 80 சனவரியில். அவர் இறந்தது 81 செப்டம்பர் 13. காசு அடிக்கப்பட்டது இந்த 21 மாதங்களுக்குள். அரங்கம் திறக்கப்பட்டதும் 80-இல்தான். நூறு நாள் விழா நடந்தது. விலங்குகள் 9,000 கொல்லப்பட்டன என்று வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ எழுதுகிறார். அதே ஆண்டில் ரோமில் மூன்று நாள் தீ எரிந்தது, கொள்ளைநோயும் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு வெசுவியஸ் வெடித்துப் பொம்பேயை மூடியிருந்தது. இத்தனைக்கும் நடுவில் பிறந்த காசு இது.

சரி, இதில் இன்னொரு விசேஷம். பேரரசுக் காலத்துக் காசில் ஒரு பக்கம் பேரரசரின் தலை இருக்கும், அதுவே வழக்கம். இதில் தலையே கிடையாது. பேரரசர் மறுபக்கத்தில் ஓர் ஆளாக உட்கார்ந்திருக்கிறார், முகம் ஒரு பயறளவுகூட இல்லை. ஒரு முழுப் பக்கத்தையும் கட்டடம் எடுத்துக்கொண்டுவிட்டது. எது முன்பக்கம், எது பின்பக்கம் என்பதிலேயே நாணயப் பட்டியல்கள் எல்லாம் ஒரே மாதிரி போவதில்லை.

சிக்கல்

கி.பி. 354-இல் தொகுக்கப்பட்ட ரோமானிய நாட்குறிப்புத் தொகுப்பு ஒன்று உண்டு. அதில் எந்தப் பேரரசர் காலத்தில் என்ன கட்டப்பட்டது என்று ஒரு பட்டியல் வருகிறது. டைட்டஸின் தந்தை வெஸ்பாசியன் அரங்கத்தின் முதல் மூன்று படிவரிசைகளை அர்ப்பணித்தார், டைட்டஸ் அதன் மேல் இரண்டு சேர்த்தார், டொமிஷியன் ‘கேடயங்கள் வரை’ கட்டினார் என்கிறது அந்தப் பட்டியல். டொமிஷியன் டைட்டஸின் தம்பி. அண்ணன் இறந்த பிறகு, 81-இல் ஆட்சிக்கு வந்தவர்.

காசைத் திரும்பப் பாருங்கள். உச்சி அடுக்கில் வட்டங்கள் தெரிகின்றன. அவை கேடயங்கள் என்றே பொதுவாகக் கொள்ளப்படுகிறது. டொமிஷியன் வைத்த கேடயங்கள் டைட்டஸ் காலத்துக் காசில் எப்படி வந்தன?

அது மட்டும் அல்ல. அதே பட்டியல் மெட்டா சூடன்ஸையும் டொமிஷியன் கணக்கில்தான் எழுதுகிறது. டைட்டஸின் குளியல் மண்டபத்தையும் டொமிஷியன் பெயருக்குக் கீழேதான் வைக்கிறது. காசில் உள்ள மூன்று கட்டுமானங்களில் இரண்டை முழுதாகவும், மூன்றாவதின் உச்சியையும் இந்தப் பட்டியல் டைட்டஸுக்குப் பிறகு தள்ளிவிடுகிறது. ஒன்று பட்டியல் தவறு. இல்லாவிட்டால் காசு இல்லாததைக் காட்டுகிறது.

பட்டியலை எவ்வளவு நம்பலாம்?

முதலில் பட்டியலைச் சோதிப்போம். அது அரங்கம் கட்டி ஏறத்தாழ 270 ஆண்டு கழித்து எழுதப்பட்டது. டொமிஷியனின் கட்டடங்களை அடுக்கும்போது ‘டைட்டஸ், டிராஜன் குளியல் மண்டபங்கள்’ என்று ஒரே மூச்சில் சொல்கிறது. டிராஜனின் குளியல் மண்டபம் டிராஜன் பெயரில் இருப்பது. டொமிஷியன் இறந்த பின் 109-இல் திறக்கப்பட்டது. டைட்டஸின் குளியல் மண்டபத்தைப் பற்றி, அரங்கத்தை ஒட்டி விரைவாகக் கட்டப்பட்டது என்று சூட்டோனியஸ் டைட்டஸின் வரலாற்றிலேயே எழுதியிருக்கிறார். விழாவுக்காகக் கவிதை எழுதிய மார்ஷியலும் அதை அரங்கத்தோடு சேர்த்தே பாடுகிறார். அவர் அந்தக் காலத்தில் ரோமில் வாழ்ந்தவர். ஆக, குளியல் மண்டப விஷயத்தில் பட்டியல் தவறு, காசு சரி.

இந்தப் பட்டியலைப் படிக்கும்போது நம்மைச் சற்று நிறுத்திவைக்கும் இன்னொரு வரியும் உண்டு. டொமிஷியன் கட்டியவற்றின் தொடக்கத்திலேயே வருவது மிளகுக் கிடங்கு. கொலோசியத்திலிருந்து கொஞ்ச தூரத்தில், பின்னாளில் மக்சென்டியஸ் பசிலிக்கா எழுந்த இடத்தில் அது இருந்தது. அந்த மிளகு வந்தது மேற்குக் கடற்கரையிலிருந்து, சேரர் துறைமுகமான முசிறி வழியாக. பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய யவனர் கப்பல்களைச் சங்கப் புலவர் பாடியிருக்கிறார். அந்தக் கப்பல்களின் மறுமுனையைத்தான் இந்த ரோமானியப் பட்டியல் ஒரு வரியில் குறித்துவைத்திருக்கிறது. நம் பக்கம் கிடைக்கும் ரோமானியக் காசுப் புதையல்களில் அகஸ்டஸ், டைபீரியஸ் கால வெள்ளியும் பொன்னும்தான் மிகுதி. டைட்டஸின் பித்தளைச் செஸ்டர்ஷியஸ் கடல் தாண்டி வணிகம் செய்ய அடித்த காசு அல்ல. அது ரோமில் இருப்பவர்கள் கையில் புழங்க அடித்தது. இதை நினைவில் வைத்துக்கொள்வோம், பின்னால் தேவைப்படும்.

கல் சொல்வது

குளியல் மண்டபத்தில் பட்டியல் தவறியது என்பதற்காகக் கேடய விஷயத்திலும் அதைத் தூக்கி எறிந்துவிட முடியாது. ஏனென்றால் வேறொரு சாட்சி பட்டியலின் பக்கம் நிற்கிறது.

ஹாட்டெரியஸ் குடும்பத்தார் கட்டட ஒப்பந்தக்காரர்களாக இருந்திருக்க வேண்டும். முதல் நூற்றாண்டு முடிவை ஒட்டிய அவர்களது கல்லறைச் சிற்பங்கள் 1848-இல் கிடைத்தன; இப்போது வத்திக்கான் அருங்காட்சியகத்தில் உள்ளன. ஒன்றில் ஆட்கள் உள்ளே ஏறி மிதித்துச் சுழற்றும் பெருஞ்சக்கரம் பூட்டிய பாரந்தூக்கி. இன்னொன்றில் ரோமின் கட்டடங்கள் வரிசையாக நிற்கின்றன. குடும்பத்தார் வேலை செய்த கட்டடங்களாக இருக்கலாம். அந்த வரிசையில் கொலோசியமும் உண்டு. வளைவுகளுக்குள் சிலைகள் இருக்கின்றன, காசில் இருப்பதுபோலவே. ஆனால் அடுக்கு மூன்றுதான். உச்சி அடுக்கு இல்லை.

கட்டட வேலை தெரிந்த குடும்பம் செதுக்க வைத்த கல்லில் உச்சி அடுக்கு இல்லை என்பது லேசான விஷயம் அல்ல. சிற்பத்தில் இடம் போதாமல் விட்டிருக்கலாம் என்று சொல்லலாம்தான். ஆனால் பட்டியலும் அதையே சொல்லும்போது, 80-இல் திறப்பு விழா நடந்த அன்று உச்சி அடுக்கு முடிந்திருக்கவில்லை என்பதே எனக்கு அதிகம் பொருந்துவதாகப் படுகிறது. இன்று வடக்குப் பக்கம் நிற்கும் அந்த நான்காம் அடுக்கில் வெயில் மறைப்புத் துணியை இழுத்துக் கட்டும் கம்பங்களுக்கான தாங்கு கற்கள் இருக்கின்றன. விழாவுக்குத் துணிப்பந்தல் கட்டாயம் வேண்டுமே என்று கேட்கலாம். தற்காலிக மரக் கட்டுமானத்தில் அதைச் செய்வது ரோமானியர்களுக்குப் பெரிய வேலை இல்லை; கொலோசியத்துக்கு முன் ரோமில் மர அரங்குகள் எத்தனையோ எழுந்தன, இறங்கின.

சிலைகளைப் பொறுத்தவரை காசும் கல்லும் ஒத்துப்போகின்றன. இன்றைக்கு அந்த வளைவுகளில் ஒரு சிலைகூட மிஞ்சவில்லை. இருந்தும், அங்கே சிலைகள் இருந்தன என்று நாம் துணிந்து சொல்வதற்கு இந்த இரண்டு படங்கள்தான் முக்கிய ஆதாரம்.

அச்சு வெட்டியவரின் கணக்கு

கொலோசியம் நீளவாக்கில் சுமார் 188 மீட்டர், குறுக்கே 156 மீட்டர், உயரம் 50 மீட்டரை நெருங்கும். காசில் கட்டடத்துக்குக் கிடைத்த அகலம் இரண்டரை செ.மீ. என்று வைத்தால், ஏழாயிரத்து ஐந்நூறில் ஒரு பங்கு. கீழ் மூன்று அடுக்குகளில் ஒவ்வொன்றிலும் 80 வளைவுகள். ஒரு பக்கமிருந்து பார்த்தால் நாற்பது. அச்சு வெட்டியவர் அதில் ஒரு சிறு பங்கை மட்டுமே போட்டிருக்கிறார். போட முடிந்தது அவ்வளவுதான். கோயில் காசுகளிலும் இதே பழக்கம்: ஆறு தூண் உள்ள கோயில் நான்கு தூணோடு வரும், உள்ளிருக்கும் தெய்வம் தெரிய நடுத் தூண்கள் விலக்கப்படும்.

எண்ணிக்கையைக் காசிடம் கேட்கவே கூடாது. எதைக் கேட்கலாம்? எந்தப் பகுதி எதற்கு மேல், எதற்குப் பக்கத்தில் எது, பார்ப்பவர் மறக்கக்கூடாத அடையாளம் எது என்பதைக் கேட்கலாம்.

அந்த வகையில் ஒரு சோதனையில் காசு நன்றாகத் தேறுகிறது. நீரோவின் பேருருவச் சிலையைக் காசில் காணோம். பின்னாளில் அரங்கத்துக்குக் ‘கொலோசியம்’ என்று பெயர் வர அந்தச் சிலையே காரணம் என்பர். டைட்டஸ் காலத்தில் அது அரங்கத்தின் பக்கத்தில் இல்லை, மேட்டின் மேல் பொன்மாளிகையின் முகப்பில் இருந்தது. அதை இறக்கி அரங்கத்துக்கு அருகே கொண்டுவந்தவர் பின்னாள் பேரரசர் ஹாட்ரியன். 24 யானைகள் இழுத்தன என்று ஒரு வரலாற்று நூல் சொல்கிறது. மூன்றாம் நூற்றாண்டில் மூன்றாம் கோர்டியன் வெளியிட்ட பதக்கத்தில் கொலோசியத்துக்குப் பக்கத்தில் பேருருவச் சிலை நிற்கிறது. டைட்டஸ் காசில் இல்லாதது அதில் வந்துவிட்டது. இரண்டும் அந்தந்தக் காலத்துக்குச் சரி.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். இந்தக் காசு அரியது, விலை உயர்ந்தது. அரிய பெரிய பித்தளைக் காசுகளில் தேய்ந்த இடங்களை உளியால் மறுபடி கீறிக் ‘கூர்மையாக்குவது’ பல நூற்றாண்டாக நடந்துவருகிறது. 16-ஆம் நூற்றாண்டில் பதுவா நகரத்து ஜியோவானி தா கவினோ ரோமானியப் பெருங்காசுகளைப்போல அத்தனை நேர்த்தியாகப் புதிது செய்தார். அவர் பாணிக் காசுகளுக்குப் ‘பதுவான்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஆகவே, ஒரே ஒரு காசின் படத்தை வைத்துக்கொண்டு ‘மூன்றாம் வளைவில் இன்ன சிலை’ என்று யாராவது சொன்னால் நம்பக்கூடாது. வேறு வேறு அச்சுகளில் அடித்த பல காசுகளை அருகருகே வைத்து, எல்லாவற்றிலும் வருவதை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். நான் மேலே சொன்ன அடுக்குகள், சிலைகள், உச்சி வட்டங்கள், புள்ளித் தலைகள், கூம்பு நீரூற்று எல்லாம் அப்படி வருபவை. நீரூற்று இடப்பக்கமா வலப்பக்கமா என்பதே அச்சுக்கு அச்சு மாறுகிறது.

முன்கூட்டியே சொல்லும் பழக்கம்

கட்டி முடிக்காத கட்டடத்தைக் காசில் காட்டுவது ரோமானியர்களுக்குப் புதிது இல்லை. கி.மு. 36-இல் ஆக்டேவியன் (பின்னாளில் அகஸ்டஸ் எனப்பட்டவர்) அடித்த காசில் தெய்வமான ஜூலியஸ் சீசருக்கான கோயில் இருக்கிறது. நான்கு தூண், உள்ளே சிலை, முகப்பு முக்கோணத்தில் விண்மீன், நெற்றியில் ‘தெய்வமான ஜூலியஸுக்கு’ என்ற எழுத்து. பார்ப்பவர்கள் கோயில் திறந்துவிட்டது என்றுதான் நினைப்பார்கள். கோயில் அர்ப்பணம் ஆனது கி.மு. 29 ஆகஸ்ட் 18-இல். காசு ஏழு ஆண்டு முந்திவிட்டது. உண்மைக் கோயிலின் முகப்பில் ஆறு தூண்.

இன்னும் பெரிய குழப்பம் போர்த் தெய்வமான பழிதீர்க்கும் மார்ஸின் கோயில். கி.மு. 19-18 காசுகளில் அது வட்டமான சிறு கோயில். அகஸ்டஸ் கி.மு. 2-இல் தன் மன்றத்தில் திறந்ததோ முகப்பில் எட்டுத் தூண் கொண்ட பெரிய செவ்வகக் கோயில். காசில் உள்ளது காபிடோல் குன்றில் எழுந்த வேறொரு சிற்றாலயமா, உத்தரவு மட்டும் போட்டுக் கட்டாமலே விட்ட ஒன்றா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள்.

இதையெல்லாம் பார்த்துக் காசு பொய் சொல்கிறது என்று சிலர் முடிவுகட்டுகிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. காசு அளவைக்காரரின் அறிக்கை இல்லை. ஆட்சியாளர் மக்களுக்குக் கொடுக்கும் வாக்கு அது. ‘இது உங்களுக்கு, இப்படி இருக்கும்’ என்கிற வாக்கு. அதன் வினைச்சொல்லை எதிர்காலத்தில் வைத்துப் படித்தால் முரண்பாட்டில் பெரும்பகுதி தானாகக் கரைந்துவிடும். உச்சி அடுக்கின் கேடயங்கள் 80-இல் சாரத்தின் மேல் இருந்திருக்கலாம், வரைபடத்தில் மட்டுமே இருந்திருக்கலாம். காசு அடிக்க அதுவே போதும்.

மெட்டா சூடன்ஸும் அப்படியே. வேலை டைட்டஸ் காலத்தில் தொடங்கி டொமிஷியன் காலத்தில் முடிந்தது என்று வைத்தால் காசும் பட்டியலும் இரண்டுமே தப்பித்துக்கொள்கின்றன.

யாருக்குக் கொடுத்த வாக்கு?

இப்போது மறுபக்கத்துக்கு வருவோம். டைட்டஸைச் சுற்றிக் கிடக்கும் ஆயுதங்கள் யாருடையவை? கி.பி. 70-இல் டைட்டஸ் எருசலேமை வீழ்த்தினார். அங்கிருந்து வந்த கொள்ளைப்பொருள் ரோமில் ஊர்வலமாக இழுத்துவரப்பட்டது.

1995-இல் கேசா அல்ஃபோல்டி என்ற கல்வெட்டு அறிஞர் கொலோசியத்தில் உள்ள ஒரு கல்லை ஆராய்ந்து எழுதினார். அந்தக் கல்லில் ஐந்தாம் நூற்றாண்டுப் பழுதுபார்ப்புக் கல்வெட்டு ஒன்று வெட்டப்பட்டிருக்கிறது. அதன் ஊடே வேறு துளைகள் இருக்கின்றன. அதற்கு முன்பு அங்கே பதித்திருந்த வெண்கல எழுத்துகளின் முளைகள் செருகிய துளைகள் அவை. துளைகளின் இடைவெளியை வைத்து அவர் பழைய எழுத்தை மீட்டார்: பேரரசர் வெஸ்பாசியன் போர்க் கொள்ளைப்பொருளிலிருந்து புதிய அரங்கத்தைக் கட்ட ஆணையிட்டார் என்பது அதன் கருத்து. துளையை வைத்து எழுத்தை மீட்பது எப்போதும் வாதத்துக்கு உரியது; ஆனால் இந்த வாசிப்பைப் பெரும்பாலோர் ஏற்கிறார்கள்.

அதில் என்னை மிகவும் கவர்ந்தது ஒரே ஒரு எழுத்து. வெஸ்பாசியன் பெயருக்கு முன்னால் பிறகு ஒரு ‘டி’ (டைட்டஸ் என்பதன் முதல் எழுத்து) இடைச்செருகலாக நுழைக்கப்பட்டிருக்கிறது. தந்தைக்கும் மகனுக்கும் அரசப் பெயர் ஏறத்தாழ ஒன்றே. அந்த ஓர் எழுத்தைச் சேர்த்தால் தந்தையின் கட்டடம் மகனின் கட்டடம் ஆகிவிடும். காசின் சுற்றெழுத்தைப் பாருங்கள்: ‘பேரரசர்’ என்பதற்கு அடுத்து வருவது அதே ‘டி’. அரங்கத்தைத் தொடங்கி, பெரும்பகுதியைக் கட்டிய வெஸ்பாசியனுக்குக் காசில் இடமே இல்லை. கல்லிலும் பித்தளையிலும் ஒரே சமயத்தில் ஒரே திருத்தம் நடந்திருக்கிறது.

ஆக, இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் படித்தால் காசு ஒரு வாக்கியம் ஆகிறது: இந்த ஆயுதங்களை வென்றவன் நான், அதிலிருந்து வந்த அரங்கம் இதோ. அந்த இடம் முன்பு நீரோ தன் மாளிகைக்குள் வெட்டிவைத்த குளம். ஊர் நடுவே தனி ஒருவர் அடைத்துவைத்த இடம் மக்களிடம் திரும்பிவிட்டது என்று மார்ஷியலும் பாடினார். காசும் அதையே சொல்கிறது. சொல்லும் விதம் நுட்பமானது. அரங்கத்தை மேலிருந்து திறந்து காட்டவேண்டிய கட்டாயம் அச்சு வெட்டியவருக்கு இல்லை. வெளிச்சுவரை மட்டும் போட்டிருந்தால் வேலை எளிது, வளைவுகளும் பெரிதாக வந்திருக்கும். அவர் இடத்தில் பாதியை உட்பக்கத்துக்குக் கொடுத்தார், அதை முழுக்கத் தலைகளால் நிரப்பினார். கீழே களத்தில் வீரனும் இல்லை, விலங்கும் இல்லை. பார்க்க வந்தவர்கள் மட்டும் இருக்கிறார்கள். பேரரசர்களின் முகத்துக்கென்றே இருந்த காசில் பெயர் தெரியாத கூட்டத்துக்கு இத்தனை இடம் கிடைத்தது வேறெங்கும் அவ்வளவாகக் காணாதது. என் கணிப்பில் இந்தக் காசின் உண்மையான பொருள் கட்டடம்கூட இல்லை, அந்தக் கூட்டம்தான்.

இந்தக் காசு செலவுக்கு அடித்ததா, கொடையாகக் கொடுக்க அடித்ததா என்ற கேள்வியை 2006-இல் நாணய ஆய்வாளர் நேதன் எல்கின்ஸ் எழுப்பினார். விழாவில் டைட்டஸ் மேலிருந்து சிறு மரப் பந்துகளைக் கூட்டத்துக்குள் வீசியதாக டியோ எழுதியிருக்கிறார். பந்தில் எழுதியிருப்பது பிடித்தவருக்குக் கிடைக்கும்: உணவு, துணி, வெள்ளிப் பாத்திரம், குதிரை, அடிமை. அந்தக் கூட்டத்துக்குக் காசும் கொடுக்கப்பட்டிருந்தால், வாங்கியவர் தன் கையில் தன்னையே பார்த்திருப்பார். கவர்ச்சியான கருத்து. நன்றாகத் தேய்ந்த காசுகளும் கிடைக்கின்றன என்பதால், எப்படி வெளியே போயிருந்தாலும் பிறகு கடைத்தெருவில் புழங்கியது உறுதி. உள்ளூர்க்காரர் கையில் புழங்கும் பித்தளையைத் தேர்ந்தெடுத்ததற்கும் இந்தப் படத்துக்கும் தொடர்பு இருக்கிறது என்றே நினைக்கிறேன். பொன்னில் அடித்திருந்தால் இந்தப் படம் யாரைப் பற்றியதோ அவர்கள் கைக்கே போயிருக்காது.

டைட்டஸ் இறந்ததும் டொமிஷியன் இதே படத்தோடு, அண்ணனைத் தெய்வம் என்று குறித்து மறுபடி காசு அடித்தார்.

அதே கதை, மறுபடியும்

217 ஆகஸ்டில் வல்கன் தெய்வத்தின் திருநாளன்று இடி விழுந்து கொலோசியம் எரிந்தது. மேல்பகுதி முழுதும் சேதம். பல ஆண்டுகள் காட்சிகள் வேறு இடத்தில் நடந்தன. 223-இல் பேரரசர் அலெக்சாந்தர் செவெரஸ் காசில் கொலோசியம் திரும்ப வருகிறது. பொலிவோடு, கூட்டத்தோடு, ஓரத்தில் மெட்டா சூடன்ஸோடு. காசை மட்டும் பார்த்தால் பழுதுபார்ப்பு முடிந்தது. நடந்ததோ வேறு, வேலை இருபது ஆண்டுக்கு மேல் இழுத்து மூன்றாம் கோர்டியன் காலம் வரை போனது. கோர்டியனின் பதக்கத்தில் ‘கோர்டியனின் ஈகை’ என்று எழுதி, உள்ளே யானையும் எருதும் மோதுவதாகக் காட்டியிருக்கிறார்கள். ஒரே பழுதுபார்ப்பை இரண்டு பேரரசர்கள் இரண்டு முறை முடித்துவைத்தார்கள். டைட்டஸின் காசை நான் எதிர்காலத்தில் வைத்துப் படித்ததற்கு 223-ஆம் ஆண்டுக் காசு நல்ல துணை.

கூம்பு

காசு எந்தக் கேள்விக்கு மிக நன்றாகப் பதில் சொல்கிறது என்றால், அது கொலோசியத்தைப் பற்றியதே இல்லை. பக்கத்தில் நிற்கும் அந்த நீரூற்றைப் பற்றியது. மெட்டா சூடன்ஸின் செங்கல், காரைக் கட்டு மொட்டையாக 20-ஆம் நூற்றாண்டு வரை நின்றது. பழைய நிழற்படங்களில் அதைப் பார்க்கலாம். படைகள் அணிவகுத்துப் போக அகலமான சாலை வேண்டும் என்று முசோலினி அரசு 1936-இல் அதை இடித்துத் தரைமட்டமாக்கியது. 1980-களில் கிளெமென்டினா பனெல்லா தலைமையில் அகழாய்வு நடந்தபோது வட்ட அடித்தளம் வெளிப்பட்டது. அதன் அருகிலேயே அகஸ்டஸ் காலத்தின் இன்னொரு நீரூற்றும் கிடைத்தது.

அடித்தளம் சுற்றளவைச் சொல்லும். உயர்ந்த கூம்பின் வடிவத்தையும் உச்சியையும் சொல்லாது. அதற்கு டைட்டஸ், அலெக்சாந்தர், கோர்டியன் காசுகளைத்தான் அடுக்கிவைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. மூன்றிலும் கூம்பு ஒரே உருவில் வருகிறது. அதற்கும் டைட்டஸ் காசுதான் முதல் சான்று, நீரூற்றில் தண்ணீர் வருவதற்கு முன்பே அடித்ததாக இருந்தாலும்.